சாரல் காலத்தில் நடுங்கும் இன்ஜின்

அண்ணாச்சி, உங்கள் மாருதி 800 ஓடும்போது ஒழுங்காக ஓடுகிறது, ஐந்தருவிக் கூட்டத்தில் நின்றால் நடுங்கி அணைந்துவிடுகிறது என்றீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது. டீயைக் குடியுங்கள், மீதியைச் சொல்கிறேன்.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் போகும். காலை எடுத்தால் திராட்டில் தகடு ஏறக்குறைய மூடிக்கொள்ளும். அப்போது ஐடில் ஜெட் என்னும் ஊசித்துளைதான் இன்ஜினைக் காப்பாற்ற வேண்டும். சாலையில் இழுவை குறையவில்லை என்றால் பம்ப்பும் மெயின் ஜெட்டும் பெரும்பாலும் நலம்.

இந்த 796 சிசி இன்ஜினில் மூன்றே சிலிண்டர். ஒன்று மிஸ் அடித்தால் மூன்றில் ஒரு பங்கு பலம் போச்சு. அம்பாசடரில் நாலில் ஒன்றுதான் போகும். அதனால்தான் இவ்வளவு நடுக்கம். இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் நசுங்கியிருந்தால் நல்ல இன்ஜினும் குலுங்கும். அதையும் குனிந்து பாருங்கள்.

ஸ்லோ ஸ்பீடு திருகை மட்டும் உடனே ஏற்றிவிடாதீர்கள். வண்டி அணையாது, ஆனால் கோளாறு அப்படியே இருக்கும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

சாரல் காலத்தில் முதல் சந்தேகம் நெருப்பின் மேல்தான். பழைய பிளக் வயரிலும் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலும் மயிரிழை வெடிப்பு இருந்தால், ஈரம் அதில் படிந்து மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே கசியும். இரவில் விளக்கை அணைத்து, பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். வயர் மேல் நீலப்பொறி ஓடினால் குற்றவாளி கிடைத்தாயிற்று. பொறி தெரியாவிட்டால், ரப்பர் பிடி போட்ட குறடால் பிளக் வயரை ஒவ்வொன்றாகச் சில நொடி மட்டும் கழற்றிப் பாருங்கள், வெறுங்கை வேண்டாம். எதைக் கழற்றும்போது நடுக்கம் மாறவில்லையோ அந்தச் சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை.

மூன்றும் வேலை செய்கிறதா? அடுத்தது காற்று. கார்ப்பரேட்டர் அடி, மேனிஃபோல்டு கேஸ்கட், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் எல்லாம் வயதானால் வெடிப்பு விடும். இளநீர் உறிஞ்சும் ஸ்ட்ராவில் கீறல் விழுந்தால் வெறும் காற்றுதானே வாய்க்கு வரும்? அதே கதைதான். சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். இன்ஜின் சீரானால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று பொருள்: ஒன்று காற்று பிடிக்கிறது, இல்லை ஐடில் ஜெட்டில் அடைப்பு.

பெட்ரோலையும் கணக்கில் எடுக்க வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால் கலவை மெலியும். கார்ப்பரேட்டருக்குத் தானாகத் திருத்திக்கொள்ளத் தெரியாது. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பாதி டேங்க்கோடு மழை மாதம் முழுக்க வண்டியை நிறுத்தி வைப்பது நல்லதல்ல.

இவை எல்லாம் முடிந்த பிறகுதான் ஜெட்டைக் கழற்றிக் காற்றடித்து, மிக்சர் திருகால் இன்ஜின் மிகச் சீராக ஓடும் இடத்தைப் பிடித்து, ஸ்லோ ஸ்பீடை நிமிடத்துக்கு 800, 900 சுற்றில் நிறுத்த வேண்டும். கடைசியாக வந்த, கார்ப்பரேட்டர் இல்லாத எம்பிஎஃப்ஐ 800 என்றால் மிக்சர் திருகே கிடையாது. திராட்டில் பாடியில் படிந்த கரியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

எடுத்த எடுப்பில் கார்ப்பரேட்டரை இறக்கலாம் என்று யாராவது சொன்னால், பிளக் வயரைப் பார்த்தாச்சா என்று முதலில் கேளுங்கள்.