கண்மாயா, காசநோயா?

பிளவக்கல் அணைக்குக் கீழே, வத்திராயிருப்புச் சுற்றுவட்டாரத்தில், கண்மாயில் தண்ணீர் கிடந்தால் பிள்ளைகளும் அதில்தான் கிடப்பார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைக்குக் கண் சிவந்து, கருவிழிக்குள் வெள்ளையாக ஒரு கட்டி தெரிந்தால், டாக்டர் இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா? எந்தத் தண்ணீரில் குளித்தாய்?

முதல் கேள்வி காசநோய்க்காக, அதை எல்லோரும் கேட்பார்கள். இரண்டாவது, மதுரை தந்த பாடம். குளத்தில் குளித்த தென்னிந்தியப் பிள்ளைகளின் கண்ணில் வந்த கட்டிகளுக்கு, நத்தையில் வளரும் தட்டைப்புழுவே காரணமாக இருக்கலாம் என்று அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் எஸ்.ஆர்.ரத்தினம் குழு 2001, 2002 ஆண்டுகளில் எழுதியது. 2016இல் அந்த மருத்துவமனை ஆய்வாளர்கள் பங்கேற்ற இன்னொரு ஆய்வு, 'புரோசெரோவம் வேரியம்' என்ற புழுவை அடையாளம் காட்டியது. இந்தப் புழுக் கட்டியைக் காசநோய் என்று நினைத்துவிட்டால், பிள்ளை மாதக்கணக்கில் வீணாக மாத்திரை விழுங்கும்.

அதற்காகக் காசநோயை ஒதுக்கிவிடவும் முடியாது. நுரையீரலில் இருந்து ரத்தம் வழியே கிருமி கண்ணுக்குப் போகும். மூளைக்காய்ச்சலோடு படுத்திருக்கும் பிள்ளையின் விழித்திரைக்கு அடியில் மங்கலான மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால், சளியில் கிருமி கிடைக்காவிட்டாலும் நோய் பிடிபட்டுவிடும்.

கண்ணில் இருந்தே கிருமியை எடுத்துக் காட்டுவதுதான் கடினம். கண்ணின் முன்னறையில் உள்ள நீரே சுமார் கால் மில்லிதான். அதில் துளி எடுத்துப் பிசிஆர் செய்தாலும் பல நேரம் ஒன்றும் கிடைக்காது. ஆகவே சுற்றிவளைத்துத்தான் வர வேண்டும்: மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மாண்டோ ஊசி. முன்கையில் ஊசி போட்டு 48 முதல் 72 மணி நேரத்துக்குள் திரும்ப வரச் சொல்வார்கள். அளக்க வேண்டியது சிவப்பை அல்ல, விரலால் தடவினால் தட்டுப்படும் தடிப்பை. 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் உடம்பில் கிருமி புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் கண் நோய்க்கு அதுதான் காரணம் என்று ஆகிவிடாது. சத்துக் குறைந்த பிள்ளைக்குத் தடிப்பே வராமலும் போகும்.

காசநோய் என்று முடிவானால் அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவியும் உண்டு. அதுவரை, மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி ஊற்றாதீர்கள். சிவப்பு இறங்கிவிடும், உள்ளே நோய் வளரும்.