கொழுந்துக் கூடையும் முதுகெலும்பும்

சுமை என்பது அதைத் தாங்கும் உறுப்பை மட்டுமே வருத்துகிறது என நாம் பொதுவாக எண்ணுகிறோம். உண்மையில், சுமை ஏறியதும் உடல் முழுவதுமே தன் நிலையையும் நடையையும் மாற்றிக்கொள்கிறது. மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் எமது சகோதரிகளின் வேலையை உதாரணமாகக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

உடலின் சமநிலை

நிமிர்ந்து நிற்கும் ஒருவரின் உடற்பாரம் ஏறத்தாழ இடுப்பு மட்டத்தில் மையங்கொண்டுள்ளது. முதுகில் கூடை தொங்கும்போது இம்மையம் பின்னோக்கி நகர்கிறது. பின்புறமாக விழாதிருக்க உடல் முன்னே குனிகிறது. கூடைக் கயிறோ தலையில் மாட்டப்பட்டிருப்பதால் தலையைப் பின்னுக்கும் கீழுக்கும் இழுக்கிறது. அதனை எதிர்த்துக் கழுத்துத் தசைகள் ஓயாமல் இறுகி நிற்கின்றன. கழுத்தெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று அழுத்தப்படுகின்றன. மாலையில் வரும் கழுத்து வலிக்கும் இடுப்பு வலிக்கும் இது முக்கிய காரணமாகும்.

எடையைப் போலவே, சுமை உடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியமானது. மண்வெட்டியைப் பிடியின் நுனியில் பிடித்து நீட்டித் தூக்கினால் அது எவ்வளவு பாரமாகிறது என்பதை எல்லோரும் அறிவோம். அவ்வாறே, முதுகோடு ஒட்டியிருக்கும் 10 கிலோவைவிட, தாழ இறங்கி ஆடும் 10 கிலோ உடலை அதிகம் வருத்தும்.

நடையில் ஏற்படும் மாற்றம்

சுமையோடு நடப்பவரின் அடிகள் குறுகுகின்றன. இரு பாதங்களும் ஒருசேர நிலத்தில் இருக்கும் நேரம் கூடுகிறது. விழாமலிருக்க உடல் தானாகவே கைக்கொள்ளும் வழி இது. சரிவில் இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்கால்களே பாரத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. மழைக்காலத்தில் ஈரக்கொழுந்து பாரமாகிறது, பாதையும் வழுக்குகிறது. நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோ கழிக்கப்படுவதுண்டு. தலைக்கு அந்தக் கழிவு கிடையாது.

'பழகிய உடம்பு' என்ற வாதம்

"இவர்களுக்கு இது பழகிவிட்டது" என்று சொல்வோர் உளர். இதில் ஓரளவு உண்மையுண்டு. கென்யாவில் தலையில் சுமக்கும் லுவோ பெண்களையும், நெற்றிப் பட்டியில் சுமக்கும் கிகுயு பெண்களையும் ஆராய்ந்த அறிஞர்கள் 1986இல் ஒரு முடிவை வெளியிட்டனர். தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை அவர்கள் மேலதிகச் சக்தி செலவின்றிச் சுமந்தனர். அதற்கு மேல் சுமை கூடக்கூடச் செலவும் கூடியது. 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அந்த எல்லை 9 கிலோ மட்டுமே. மேலும், பழக்கம் மூச்சு வாங்குவதைக் குறைக்கலாம். எலும்பின் மீதுள்ள அழுத்தத்தை அது நீக்குவதில்லை.

நாம் செய்யக்கூடியவை

1. கூடையோ சாக்கோ நிரம்பி வழியும்வரை காத்திராமல், நாளில் கூடுதலான தடவைகள் கொழுந்தை நிறுக்க ஏற்பாடு வேண்டும். நிறுக்கும் இடம் மலைக்கு அருகில் அமைய வேண்டும்.

2. கயிறு தலையில் படும் இடத்தில் அகலமான துணிப்பட்டி வைத்தால் அழுத்தம் பரவும். சுமை முதுகோடு ஒட்டி நிற்குமாறு கயிற்றின் நீளத்தைச் சரிசெய்க.

3. கர்ப்பிணித் தாய்மாரின் முதுகு ஏற்கனவே முன்பாரத்தைத் தாங்குகிறது. அவர்களுக்குச் சுமையற்ற வேலை தரப்பட வேண்டும்.

4. வீட்டுக்குத் தண்ணீர் சுமக்கும்போது குடத்தை எப்போதும் ஒரே இடுப்பில் வைக்காது மாற்றி வைக்க வேண்டும். இதில் ஆண்களும் பங்கேற்கட்டும்.

5. வழுக்கும் பாதைகளில் படிகள் வெட்டுவதைச் சிரமதானமாக மேற்கொள்ளலாம்.

இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் தோட்ட நிர்வாகத்தின் கையில் உள்ளன. எனவே மாதர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் சம்பளத்தைப் பேசும் அதே மேசையில் சுமையையும் பேச வேண்டும். ஒருவர் மற்றவரின் சுமையைத் தாங்க வேண்டுமெனப் புனித பவுல் கலாத்தியருக்கு எழுதினார். எமது மலைகளில் அந்தச் சுமையைக் கிலோக் கணக்கிலேயே நிறுத்துப் பார்க்கலாம்.