தோப்பின் அடிநிலமும் கரிமச் சுழற்சியும்

கொடுங்கையூர்ப் பகுதியில் வீடு எழும் தெருக்களில் சாரத்திற்கென அடுக்கப்பட்ட சவுக்குக் கட்டைகளைக் காணாதார் இலர். தமிழகக் கடலோர மணற்பாங்கில் சவுக்குத் தோப்புகள் பெருகியது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆகும். அன்று புகைவண்டிகளுக்கு விறகு தேவைப்பட்டது. இன்று அது சாரக்கட்டையாகவும் காகிதக்கூழுக்கு மூலப்பொருளாகவும் பயன்படுகின்றது. மரம் கரியமிலவாயுவை ஈர்த்துத் தன் உடலில் கரிமமாகச் சேர்க்கிறது என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக உயர்த்தும் நோக்குடன் 2022-இல் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பெற்றது. ஆயின் மரங்களை மட்டும் எண்ணினால் கணக்கு முடிந்துவிடுமா?

சவுக்கை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் வெட்டிவிடுகின்றனர். சாரக்கட்டை தேய்ந்தபின் அடுப்புக்குச் செல்கிறது. காகிதம் குப்பைக்குச் செல்கிறது. மரத்தில் இருந்த கரிமம் விரைவில் காற்றுக்கே மீள்கிறது. நெடுநாள் தங்கவல்லது மண்ணில் சேர்ந்த கரிமமே. அதனைச் சேர்ப்பதில் மரத்திற்கு மட்டுமன்றி, அதன் காலடியில் முளைக்கும் புல் பூண்டு செடி கொடிகளுக்கும் பங்குண்டு. தொல்காப்பியர் மரபியலில், வயிரம் புறத்தே உள்ளதைப் புல் என்றும் அகத்தே உள்ளதை மரம் என்றும் பகுத்துக் கண்டார். நாமோ தோப்பில் மரம் ஒழிந்த அனைத்தையும் 'களை' என்னும் ஒரு சொல்லுக்குள் அடக்கிவிட்டோம்!

கீழ்ச்செடிகளின் எடை மரங்களோடு ஒப்பிட மிகச் சிறிது. எனினும் அவை விரைந்து வளர்ந்து, விரைந்து மடிந்து, மண்ணுக்கு இடையறாது உணவூட்டுகின்றன. சவுக்கின் 'இலை' என நாம் கருதுவது உண்மையில் மெல்லிய கிளையே. இலைகள் அதன் கணுக்களில் பற்கள்போல் அமைந்த சிறு செதில்கள். இச்சருகு எளிதில் மட்குவதில்லை. மென்மையான பூண்டுகளின் தழை அதனோடு கலக்கும்போது நுண்ணுயிரிகளுக்குத் தழைச்சத்து கிடைக்கிறது. சருகு மட்கி மண்ணோடு சேர வழி பிறக்கிறது. மேலும், கீழ்ச்செடிகள் தரைக்கு நிழல் தந்து ஈரத்தைக் காக்கின்றன. அவற்றின் வேர்க்கசிவைப் பூஞ்சைகள் உண்டு வாழ்கின்றன.

தென்சீனாவில் தைல மரத் தோப்புகளில் நிகழ்த்தப்பெற்று, 2011-இல் வெளியான ஓர் ஆய்வு ஈண்டுக் கருதத்தக்கது. சில பகுதிகளில் கீழ்ச்செடிகளை அகற்றினர்; வேறு சிலவற்றில் மரப்பட்டையை வளையமாகச் சீவி, இலையிலிருந்து வேருக்கு உணவு இறங்குவதைத் தடுத்தனர். பட்டை சீவியதைவிடக் கீழ்ச்செடிகளை அகற்றியதே மண்ணை மிகுதியும் பாதித்தது. பூஞ்சைகள் குறைந்தன, சருகு மட்கும் வேகமும் தளர்ந்தது. மரமே மண்ணை ஆள்கிறது என எண்ணியிருந்த நமக்கு இது வியப்பே.

இதனால் களையெடுத்தலே கூடாது என்பது நம் கருத்தன்று. முதலாண்டுக் கன்றுகளைக் களை அமுக்கிவிடும்; உழவர் அதை நீக்கத்தான் வேண்டும். புதிய வேர்க்கசிவால் ஊக்கம் பெற்ற நுண்ணுயிரிகள் மண்ணின் பழைய கரிமத்தையும் சிதைத்து வெளியேற்றுதல் உண்டு. உண்ணிச்செடி போன்ற அயற்புதர்களைப் போற்றவும் வேண்டியதில்லை. சவுக்குச் சருகை அடுப்பெரிக்க வாரிச் செல்லும் ஏழைப் பெண்களைக் குறை கூறுவதும் முறையன்று. நாம் குறை கூறுவது, வெறுந்தரையே தூய்மை என்னும் நம் பழக்கத்தை.

அப்பழக்கம் கல்லூரி வளாகங்களிலும் உண்டு. மரத்தடியில் உதிர்ந்த சருகு நாள்தோறும் பெருக்கப்பெற்றுக் குப்பை வண்டியில் ஏறுகிறது. வடசென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூரிலேயே கொட்டப்பட்டு வந்தது. மண்ணில் காற்றோட்டத்துடன் மட்கினால் சருகின் ஒரு பகுதியேனும் உரமாக நிலைக்கும். குப்பைமேட்டின் அடியில் காற்றின்றி அழுகினால் மீத்தேன் உண்டாகிறது. நூறாண்டுக் கணக்கில் அது கரியமிலவாயுவைப்போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பம் விளைப்பது. தீப்பற்றினால் அப்புகையை மூச்சிழுப்போர் இப்பகுதி மக்களே.

சென்ற ஆண்டு, தமிழ்த்துறைக்குப் பின்னுள்ள இரண்டு வேம்புகளின் அடியை மட்டும் பெருக்காது விட இசைவு பெற்றோம். மழைக்குப்பின் அங்கே குப்பைமேனியும் கீழாநெல்லியும் முளைத்தன. பாம்பு வருமே என்று மாணவியர் சிலர் அஞ்சினர், அவ்வச்சம் பொருளற்றதன்று. ஆதலின் நடைபாதையை ஒட்டி மூன்றடி அகலம் பெருக்கச் செய்து, அதற்கப்பால் சருகை அவ்வாறே விட்டிருக்கிறோம்.