வாடகை வீடு வாங்கப் போகிற தம்பிக்கு

டீயைக் குடித்துக்கொண்டே கேள், தம்பி. நாசரேத்தில் ஒரு வீடு 30 லட்சத்துக்கு வருகிறது, லோன் போட்டு வாங்கிப் போட்டால் வாடகையே தவணையை அடைத்துவிடும் என்று தரகர் சொல்லியிருக்கிறார். அடைக்குமா என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுவோம். தொகையெல்லாம் கணக்குக்காக நான் வைப்பவை. உன் வீட்டு எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்.

வீட்டு விலை 30 லட்சம் என்றால் உன் செலவு அதோடு நிற்காது. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதுவே 2.70 லட்சம். ஆக 32.70 லட்சம். பேங்க் லோன் தருவது வீட்டின் மதிப்புக்கு; இந்த விலையில் பத்திரச் செலவை அது கணக்கில் சேர்க்காது. 24 லட்சம் லோன் கிடைத்தால் மீதி 8.70 லட்சம் உன் கையிலிருந்து போக வேண்டும்.

வட்டி 8.5 சதவீதம், 20 ஆண்டு என்று வைத்தால் லட்சத்துக்கு மாதம் ஏறக்குறைய 868 ரூபாய் தவணை. 24 லட்சத்துக்கு 20,800. முதல் ஆண்டில் நீ கட்டுகிற 2.5 லட்சத்தில் 2 லட்சம் வட்டிக்கே போய்விடும்.

இப்போது வாடகைப் பக்கம் வா. நம் ஊரில் வாடகைக்கு வருகிறவர்கள் யார்? பள்ளிக்கூட வாத்தியார்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர்கள், கல்லூரிக்காரர்கள். நல்ல குடித்தனம்தான், ஆனால் மாறுதல் வந்தால் மே மாதம் வீட்டைக் காலி செய்துவிடுவார்கள். மாதம் 7,000 வாடகை என்றால் ஆண்டுக்கு 84,000. ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 77,000. வீட்டு வரி, மோட்டார், வெள்ளையடிப்பு என்று 15,000 போனால் 62,000. நீ போட்ட 32.70 லட்சத்துக்கு அது 2 சதவீதம்கூட இல்லை. மாதா மாதம் சம்பளத்திலிருந்து பதினாலாயிரத்துக்குக் குறையாமல் நீ போட வேண்டியிருக்கும். வாடகை தவணையை அடைக்கும் என்கிற பேச்சு இந்த இடத்திலேயே முடிந்துபோகிறது.

வரியில் மிச்சம் வருமே என்பாய். வாடகையில் வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதம் தள்ளுபடி, அதன்மேல் லோன் வட்டியையும் கழிக்கலாம். உண்மைதான். ஆனால் புதிய வரி முறையில் இருந்தால் வாடகையை மிஞ்சிய வட்டி நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது.

இனி, விலை ஏறும் என்கிற பேச்சு. குலசேகரப்பட்டினத்தில் 2024 பிப்ரவரியில் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தாயிற்று. இந்த இரண்டு பெயரையும் சொல்லாமல் இப்போது யாரும் நிலம் விற்பதில்லை. விலை ஏறலாம். ஆனால் ஏறப்போகிற விலையிலிருந்து அடுத்த மாதத் தவணையைக் கட்ட முடியாது. இன்று அந்தத் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன வாடகை கொடுக்கிறார் என்று நாலு வீட்டில் கேள். அந்த எண்ணை மட்டும் நம்பு.

மாத வாடகைக்குப் பதிலாக மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு ஒத்திக்கு விட்டால் என்ன என்று நம் பக்கத்தில் எல்லோரும் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஒத்திப் பணத்தை லோனில் கட்டினால் 8.5 சதவீத வட்டி மிச்சம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டு லோனை முன்கூட்டி அடைத்தால் அபராதமும் இல்லை. 5 லட்சம் ஒத்திக்கு மிச்சமாவது ஆண்டுக்கு 42,500. வாடகையோ 77,000. ஆக 9 லட்சத்துக்குக் குறைந்த ஒத்தி உனக்கு நஷ்டம். அதோடு, மூன்று ஆண்டு கழித்து அந்தப் பணத்தை மொத்தமாகத் திருப்பித் தர வேண்டும்; லோனில் கட்டிவிட்டால் எங்கிருந்து எடுப்பாய்? பேங்கில் அடமானமாக இருக்கிற வீட்டைப் பேங்கைக் கேட்காமல் ஒத்திக்கு விடுவதும் வம்பு.

எனக்குச் சரியென்று படுவது வேறு. அப்பா அம்மா இருக்கிற வீட்டின் மேலே மாடி எடு. 600 சதுர அடி, அடிக்கு 2,000 என்றால் 12 லட்சம். நிலத்துக்குக் காசில்லை, கிரயச் செலவில்லை. மாடி போர்ஷனுக்கு 5,500 வாடகை வந்தாலே ஆண்டுக்கு 66,000. காலி மாதமும் செலவும் போக 50,000 நிற்கும். அது 4 சதவீதத்துக்கு மேல், தரகர் சொன்ன வீட்டைப்போல் இரண்டு மடங்கு. அப்போதும் பேங்க் வட்டியைவிடக் குறைவுதான், மறைக்கவில்லை. அதனால் பாதியைச் சேமிப்பிலிருந்து போட்டு 6 லட்சம் மட்டும் 15 ஆண்டுக்கு வாங்கு. தவணை 5,900 சொச்சம். கையிலிருந்து போடுவது கொஞ்சம்தான். ஒரு மாதம் காலியாகக் கிடந்தாலும் உனக்குத் தூக்கம் போகாது. வயதான காலத்தில் அப்பா அம்மாவுக்கு மேலே ஆள் இருக்கிற தைரியமும் உண்டு.

அதற்குமுன் இன்ஜினியரைக் கூட்டி வந்து அஸ்திவாரம் தாங்குமா என்று பார். பேரூராட்சியில் வரைபட அனுமதி வாங்கு. நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் பங்காளிகளிடம் பேசி பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்து, பட்டாவை மாற்றிவிட்டு அப்புறம் செங்கல் இறக்கு. பேங்க் வக்கீல் முதலில் கேட்பது தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும்தான்.

குடித்தனக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் எழுதிக்கொள். 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிற தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், குடியிருக்கும் வீட்டுக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது. அந்த அட்வான்ஸைத் தனிக் கணக்கில் போட்டு வை, கட்டட வேலையில் சேர்த்துவிடாதே.