குடி மறந்தோர் மன்றமும் நடுநிலைமையும்

வள்ளுவர் நடுவுநிலைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். கள்ளுண்ணாமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னது அறத்துப்பாலிலும் பின்னது பொருட்பாலிலும் அமைந்துள்ளன. இவ்விரு பொருள்களையும் ஒருங்கே எண்ணுமாறு செய்தது, மாணவர் ஒருவர் நம்மிடம் தொடுத்த வினா. குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் அமைப்பின் குழுக்கள் தமிழகத்திலும் உள்ளன. மதுவிலக்கு வேண்டும் என்றோ வேண்டா என்றோ அவை சொல்வதில்லை. “மதுவின் கொடுமையை நன்கறிந்தவர்களே வாய் திறவாதிருப்பது முறையாகுமா, ஐயா?” என்பதே அவ்வினா. மது விலக்கப்பட்டது என்னும் நெறியில் வளர்ந்த நமக்கு அஃது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. அவ்வமைப்புத் தோன்றிய அமெரிக்க நாட்டின் வரலாற்றிலேயே அதற்கு விடை தேடுவோம்.

வாஷிங்டனியர் கண்டதும் இழந்ததும்

1840ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், பால்டிமோர் நகர மதுக்கடை ஒன்றில் கூடிக் குடித்துவந்த அறுவர், இனி மதுவைத் தொடுவதில்லை என உறுதி பூண்டனர். ஜார்ஜ் வாஷிங்டன் பெயரால் ஒரு சங்கமும் கண்டனர். குடித்துக் கெட்டு மீண்டவன், கெட்டுக்கொண்டிருப்பவனிடம் தன் கதையைத் தானே சொல்லுதல் என்பதே அவர்கள் கையாண்ட முறை. அம்முறை காட்டுத்தீயெனப் பரவியது. 1842 பிப்ரவரி 22ஆம் நாள், ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் அச்சங்கத்தாரிடையே ஆபிரகாம் லிங்கன் உரையாற்றினார்.

ஆயினும் அப்பத்தாண்டு முடியுமுன்னரே இயக்கம் பெரிதும் தளர்ந்தது. காரணங்கள் பல. கட்டுக்கோப்பான அமைப்பு இல்லை. குடித்தறியாத சீர்திருத்தவாதிகளும் பெருமளவில் உள்ளே வந்தனர். மதுவைச் சட்டத்தால் ஒழிப்பதா, அறிவுரையால் திருத்துவதா என்னும் பூசல் எழுந்தது. அடிமை முறை ஒழிப்புப் போன்ற அக்காலத்துப் பெருவழக்குகளும் மேடைக்கு வந்தன. அவ்வழக்குகளில் பல அறத்தின்பாற்பட்டவையே, ஐயமில்லை. ஆனால், நடுங்கும் கையோடு உதவி நாடி வந்த குடிநோயன் அந்த ஆரவாரத்தில் மறக்கப்பட்டான்.

பத்தாம் மரபு

ஆக்ரன் நகரில் பில் வில்சன் என்பாரும் மருத்துவர் ராபர்ட் ஸ்மித்தும் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935 ஜூன் 10ஆம் நாளைத் தன் தொடக்க நாளாகக் கொள்கிறது. 1920 முதல் அமெரிக்க நாடெங்கும் நடைமுறையில் இருந்த மதுவிலக்கு 1933இல் நீக்கப்பட்டு, அப்போது இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. அவ்வழக்கில் எப்பக்கம் சாய்ந்திருந்தாலும் மறுபக்கத்துக் குடிநோயர் வாயிலோடு திரும்பியிருப்பர்.

1946இல் வெளியிடப்பெற்று, 1950இல் கிளீவ்லண்டு மாநாட்டில் ஏற்கப்பெற்ற பன்னிரு மரபுகளுள் பத்தாவது இதனையே பேசுகிறது. புறப்பொருள்கள் பற்றி அமைப்புக்குக் கருத்து எதுவுமில்லை. எனவே அதன் பெயரைப் பொதுவழக்குகளில் இழுத்தலாகாது என்பது அதன் கருத்து. குடியை விடும் விருப்பம் ஒன்றே உறுப்பினர்க்குரிய தகுதி என்பதும், வெளியார் நன்கொடையை ஏற்பதில்லை என்பதும் அதற்கு அரணாக நிற்கும் பிற மரபுகள்.

இவை வெறும் ஏட்டுச் சட்டங்கள் அல்ல, பட்டறிவின் பயன். 1944இல், உறுப்பினராகிய மார்ட்டி மான் என்னும் அம்மையார் குடிநோய் பற்றிய கல்விக்கெனத் தேசியக் குழு ஒன்றை நிறுவினார். அதன் கடிதத்தாளில் நிறுவனர் இருவர் பெயரும் இடம்பெற்றன. பின்னர் அக்குழு பொதுமக்களிடம் நிதி கோரியபோது, கேட்பது எந்த அமைப்பு என்னும் குழப்பம் எழுந்தது. நிறுவனர் இருவரும் தம் பெயர்களை விலக்கிக்கொண்டனர். நோக்கம் நல்லதாயினும் பெயரைக் கடன் கொடுத்தலாகாது என்பதை அவர்கள் அன்று கற்றனர்.

மன்றத்தின் மௌனமும் மனிதனின் குரலும்

அவ்வாறாயின் குடியை விட்டவன் ஊமையாதல் வேண்டுமோ? வேண்டா. மரபு கட்டுப்படுத்துவது மன்றத்தையே அன்றி மனிதனை அன்று. அயோவா மாநில ஆளுநராக இருந்து செனட்டரான ஹெரால்டு ஹியூஸ், தாம் குடியிலிருந்து மீண்டவர் என்பதை மறைக்காதவர். 1969இல் அவர் தலைமையிலான துணைக்குழுவின் முன் பில் வில்சனும் சான்றுரைத்தார். குடிநோய்த் தடுப்புக்கும் மருத்துவத்துக்கும் வழிவகுத்த சட்டம் 1970இல் நிறைவேறியது. குடிமகன் என்ற முறையில் பேசுதல் வேறு. மன்றத்தின் பெயரால் பேசுதல் வேறு.

வள்ளுவர் கூறும் நடுவுநிலைமை, வழக்கைக் கேட்டு ஒருபாற் கோடாமல் தீர்ப்பளிப்பது. இம்மன்றத்தார் காப்பதோ, தீர்ப்பு இருக்கையில் அமராமலே இருத்தல். முன்னது நீதிபதியின் அறம். பின்னது மருத்துவமனை வாயிலின் அறம். வருவோன் எக்கட்சியினன் என்று அவ்வாயில் கேட்பதில்லை.

வினாவிய மாணவர்க்கு நாம் சொன்ன விடை இதுவே: மதுவை எதிர்த்துப் பேச வேண்டிய மேடைகள் பல உள, அங்கே உரக்கப் பேசுக. ஆனால், வெட்கத்தால் முகம் மறைத்து நம் தெருவிலிருந்தே ஒருவன் செல்லக்கூடிய கதவு ஒன்றேனும் கொடி எதுவும் கட்டப்படாமல் திறந்திருக்கட்டும். அக்கதவைக் காத்து நிற்போரின் மௌனத்தைக் கோழைமை என்று கருதவேண்டா.