முதுமைக்கு ஏற்ற வீடு எது?

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது பழமொழி. முதுமையில்தான் இதன் முழுப்பொருளும் விளங்கும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் இந்தியாவில் 100க்கு 8.6 பேர், தமிழ்நாட்டிலோ 10.4 பேர். ஆகவே, வயதான காலத்தில் எங்கே வாழ்வது என்பது வீட்டுக்கு வீடு எழும் வினாவாகிவிட்டது. தஞ்சை வட்டாரத்தில் இதற்குரிய விடை தலைமுறைதோறும் மாறிவந்திருப்பதைக் காண்போம்.

திண்ணையும் கூடமும்

நிலமுள்ள பழந்தலைமுறையினர் வாழ்ந்த வீட்டிலேயே கண்மூட விரும்பினர். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லை என நீண்டு செல்லும் ஓட்டு வீட்டில் அன்றாட வாழ்வுக்கு மாடிப்படி ஏற வேண்டியதில்லை. திண்ணையில் அமர்ந்த முதியவர், வயலுக்குப் போகும் ஆளிடம் வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று கேட்பார். தெருவில் போகும் கீரைக்காரியை நிறுத்துவார். ஊரே அவரிடம் வந்தது. எனினும், கழிப்பிடம் கொல்லைக் கோடியில் இருந்ததால் மழைக்கால இரவுகளில் அவர் பட்ட துன்பத்தையும் மறைப்பதற்கில்லை.

மனை உரிமை

வயலில் உழைத்தவர்களுக்கோ இத்தகைய விருப்பத்துக்கே இடமில்லாதிருந்தது. மிராசுதாரின் மனையில் குடிசை போட்டிருந்தவர், உடல் தளர்ந்தபின் அங்கே நிலைக்க முடியுமா என்று அஞ்சினார். விவசாயத் தொழிலாளர் குடியிருந்த மனையை அவர்களுக்கே உடைமையாக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 1971இல் இயற்றியது. 1962இல் தொடங்கிய முதியோர் உதவித்தொகையைப் போலவே இதுவும் முதுமைக்குக் கிடைத்த ஊன்றுகோல் எனலாம்.

நகர வாழ்வு

அடுத்த தலைமுறையினர் படித்து உத்தியோகத்துக்குச் சென்றனர். ஓய்வு பெற்றபின் இவர்களுள் பலர் கிராமத்துக்குத் திரும்பாமல் நகரத்திலேயே வீடு கட்டினர். 1959இல் தொடங்கப்பட்ட தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி அருகில் இருப்பது, இவர்களுக்குத் திண்ணையைவிடப் பெரிதாகத் தோன்றியது. பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போனபின், அவர்களுக்காகக் கட்டிய மாடி பூட்டிக் கிடப்பதும் உண்டு.

இன்று நடுவயதில் இருப்போர் சிலர், கோவை, கும்பகோணம் போன்ற ஊர்களில் எழுந்துள்ள மூத்தோர் குடியிருப்புகளை நாடுகின்றனர். சமைத்த உணவு, வழுக்காத தரை, கைப்பிடி வைத்த குளியலறை ஆகியவை இவர்களை ஈர்க்கின்றன. ஆயின், மாதந்தோறும் பணம் கட்ட வல்லவர்க்கே இவ்வசதி கிட்டும்.

பத்திரம் எழுதும் முன்

விருப்பங்கள் வேறானாலும் அடிப்படை ஒன்றே. தம் கூரையின்கீழ், தம் காரியத்தைத் தாமே முடிவுசெய்து வாழ வேண்டும் என்பதே அது. ஆனால், பாசத்தால் வீட்டைப் பிள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வீட்டில் விருந்தாளியாகிவிட்ட பெற்றோரையும் காண்கிறோம். இவர்களுக்கு 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் கைகொடுக்கிறது. தம்மைப் பேண வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்து, அது மீறப்பட்டால், அதன் 23ஆம் பிரிவின்படி வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் முறையிடலாம். தீர்ப்பாயம் அப்பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கலாம். அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே தெளிவாக எழுதிவைப்பது அறிவுடைமை.

மாணவ நண்பர்களே! ‘நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?’ என்று நம் வீட்டுப் பெரியவர்களை என்றேனும் கேட்டிருக்கிறோமா? இனியேனும் கேட்போம், பத்திரம் எழுதும் நாளுக்கு முன்பே கேட்போம்.