பாஸ்போர்ட்டே டிக்கெட்: ஷாங்காயிலிருந்து பெய்ஜிங் வரை

என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டம் காலி. தமிழர்கள் பலருக்கும் அப்படித்தான். ஊரில் இனிஷியலோடு ஓடும் பெயர், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயராக நிற்கும். சீனாவில் அதிவேக ரயிலுக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்த அன்றுதான் அது எவ்வளவு பெரிய சிக்கல் என்று புரிந்தது.

ஏஜென்ட் தளம் ஒன்றில் பதிவு செய்தேன். குடும்பப்பெயர் இல்லாமல் அடுத்த பக்கம் போகவே விடவில்லை. சரி, அப்பா பெயரைப் போடுவோம் என்று போட்டேன். பணம் கட்டிய கொஞ்ச நேரத்தில் "பெயர் பொருந்தவில்லை" என்று டிக்கெட் ரத்தாகிவிட்டது. இரண்டு நாளில் பெய்ஜிங்கில் இருந்தாக வேண்டும். வயிற்றைக் கலக்கியது.

பெயருக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி? ஒரு காலத்தில் வசந்த விழா சமயத்தில் டிக்கெட்டை மொத்தமாக வாங்கி, கூடுதல் விலைக்கு விற்கும் தரகர்கள் அங்கே அதிகம். சீனர்கள் அவர்களை 'மஞ்சள் மாடு' என்பார்கள். அவர்களை ஒழிக்க 2011 ஜூனில் அதிவேக ரயில்களிலும், 2012 ஜனவரியிலிருந்து எல்லா ரயில்களிலும் உண்மைப்பெயர் முறை வந்தது. ஒவ்வொரு டிக்கெட்டும் ஒரு ஆளின் அடையாள எண்ணோடு கட்டப்பட்டது. பிறகு காகித டிக்கெட்டும் போய்விட்டது. சீனர்களுக்கு அடையாள அட்டைதான் டிக்கெட். நமக்கு பாஸ்போர்ட்.

அதனால் முதல் பாடம் இது: பாஸ்போர்ட்டின் அடியில் மெஷின் படிக்கிற இரண்டு வரி இருக்கிறதே, அதில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுக்கணும். அப்பா பெயரைச் சேர்ப்பது, இனிஷியல் போடுவது எதுவும் கூடாது. ரயில்வேயின் சொந்த ஆப் 12306. அதில் வெளிநாட்டவரும் பதிவு செய்யலாம். பாஸ்போர்ட் படத்தை ஏற்றினால் சரிபார்ப்பார்கள். சரிபார்ப்பு தாமதமானால் ஸ்டேஷன் கவுண்டருக்கு நேரில் போகலாம். நான் முந்தின நாளே போனேன். கவுண்டரில் இருந்த பெண் அந்த இரண்டு வரியைப் பார்த்தார், தட்டினார், முடிந்தது. மொத்தம் ஐந்து நிமிஷம். தேசிய தின வாரத்திலும் (அக்டோபர் 1-ஐ ஒட்டி) வசந்த விழாவிலும் மட்டும் இப்படிக் கடைசி நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

இரண்டாவது, ஸ்டேஷன் பெயர். ஷாங்காய் என்று ஒரு ஸ்டேஷன், ஷாங்காய் ஹோங்சியாவ் என்று வேறொன்று. பெய்ஜிங் போகிற அதிவேக ரயில்களில் பெரும்பாலானவை ஹோங்சியாவிலிருந்துதான் கிளம்பும். நான்கு சொல் தெரிந்தால் போதும்: பெய் வடக்கு, நான் தெற்கு, துங் கிழக்கு, ஷி மேற்கு. பெய்ஜிங் நான் என்றால் பெய்ஜிங் தெற்கு ஸ்டேஷன். பெய்ஜிங் என்ற பெயருக்கே 'வடக்குத் தலைநகர்' என்றுதான் பொருள்.

மூன்றாவது, நேரம். பிளாட்பாரத்தில் போய் நின்றுகொண்டு வண்டிக்காகக் காத்திருக்கிற நம்ம ஊர் வழக்கம் அங்கே நடக்காது. விமான நிலையம் மாதிரிதான். பை ஸ்கேன் ஆகும், கத்தி இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். பிறகு பெரிய ஹாலில் காத்திருக்கணும். கிளம்புவதற்குச் சுமார் கால் மணி நேரம் முன்னால் கேட் திறக்கும். சில நிமிஷம் முன்னாலேயே மூடிவிடும். வண்டி கண்ணுக்கு எதிரே நின்றாலும் விடமாட்டார்கள். சில கேட்டுகள் பாஸ்போர்ட்டைப் படிக்கும். படிக்காவிட்டால் ஓரத்தில் ஆள் நிற்கிற வழியில் போங்கள். இறங்கிய பிறகு வெளியே போகவும் அதே பாஸ்போர்ட் வேண்டும், பெட்டிக்குள் புதைத்துவிடாதீர்கள். ஒரு மணி நேரம் முன்னால் போவது நல்லது.

சீட் எண்ணில் ஒரு விசித்திரம். இரண்டாம் வகுப்பில் ஒருபக்கம் ஏ, பி, சி. மறுபக்கம் டி, எஃப். 'இ' கிடையாது. விமானத்தில் மூன்று மூன்றாக இருக்கும் வரிசையில் 'இ' நடு சீட். இங்கே அந்தப் பக்கம் இரண்டே சீட் என்பதால் நடு சீட்டின் எழுத்து போய்விட்டது. ஆக ஏ, எஃப் எப்போதும் ஜன்னல்.

எனக்கு எஃப் கிடைத்தது. 1,318 கிலோமீட்டர், ஏறக்குறைய நாலரை மணி நேரம். வேகம் 350-ஐத் தொட்டும் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டில் அசையவில்லை. ஜன்னல் வழியே பார்த்தால் வயலும் வாய்க்காலும் எப்போதும் கீழேதான் இருந்தன. காரணம், இந்தப் பாதையில் 80 சதவீதத்துக்கு மேல் பாலம். அதில் தன்யாங்–குன்ஷான் பாலம் ஒன்றே சுமார் 164 கிலோமீட்டர். யாங்சே டெல்டாவின் மண் சேறு. அதன்மேல் மண்மேடு போட்டுத் தண்டவாளம் வைத்தால் வருஷக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். இந்த வேகத்தில் சில மில்லிமீட்டர் மேடுபள்ளமே அதிகம். அதனால் ஆழமாகக் கம்பங்களை இறக்கி, மேலே பாலம். விளைநிலமும் குறைவாகத்தான் போகும்.

வேகத்துக்கும் ஒரு கதை உண்டு. இந்தப் பாதை 2011 ஜூன் 30 அன்று திறந்தது. மூன்றே வாரம் கழித்து, ஜூலை 23 அன்று, வேறொரு பாதையில் வென்சோவ் அருகே இரண்டு ரயில்கள் மோதி 40 பேர் இறந்தார்கள். சிக்னல் கோளாறும் நிர்வாகத் தவறும் காரணம் என்று விசாரணை சொன்னது. நாடு முழுக்க வேகத்தைக் குறைத்தார்கள். பெய்ஜிங்–ஷாங்காய் பாதையில் 350 வந்தது 2017 செப்டம்பரில்தான்.

பெட்டியின் கோடியில் வெந்நீர்க் குழாய் இருக்கும், இலவசம். ஒரு கப் நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு ஏறுங்கள். பெயரை மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே கொடுங்கள்.